பனங்கிழங்கும் இரண்டு திருகாணியும்

சயன் கோலிவாடா, மும்பை
ஜனவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. சாக்கில் நீ போட்டிருந்த தையலைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆனது. பனங்கிழங்குக்கு இத்தனை காவலா என்று உன் தங்கச்சி சிரித்தாள். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, அன்று சாயங்காலமே ஒன்றரைக் கிழங்கு தின்றேன். ஒன்றரைதான். ஆனால் போன பொங்கலுக்கு நீ அனுப்பியதை அவள் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தாள், நான் பச்சைப்பிள்ளை மாதிரி நாக்கால் நசுக்கி விழுங்கினேன். வெட்கப்பட்டுக்கொண்டு உன்னிடம் சொல்லவில்லை.

சாக்குக்குள் இருந்த கடிதத்தையும் படித்தேன். மிச்சமிருக்கிற பதினொரு பல்லையும் பிடுங்கிவிட்டு வாய் முழுக்க இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகாணி பதித்து அதன்மேல் பல், வைத்துவிடலாம் என்று மகன் சொல்கிறான், சென்னையில் ஒன்பது லட்சம் கேட்கிறார்கள், வாய்க்கால் பக்கத்து வயலை ஒத்திக்கு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வைக்காதே. முதலில் இதை முழுக்கப் படி, மகனுக்கும் படித்துக் காட்டு. ஒன்றரை வருஷமாக நான் அலைந்த அலைச்சல் உனக்காவது உபயோகப்படட்டும்.

என் பல் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் மராட்டிக்காரத் தோழர்கள் பழக்கிவிட்ட மிஷ்ரிதான். புகையிலையைக் கருக வறுத்துப் பொடியாக்கிக் காலையில் ஈறில் தேய்ப்பது. தேய்த்தால்தான் வயிறு இளகும், ஷிஃப்டுக்குக் கிளம்ப முடியும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். கூடவே சர்க்கரை. சொத்தைப் பல் என்றால் வலிக்கும், டாக்டரிடம் ஓடுவோம். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் அதன் சாமர்த்தியம். உள்ளே எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும், பல் ஆடுகிறது என்று நமக்குத் தெரியும்போது அது பாதி வேலையை முடித்திருக்கும்.

முதலில் போனது ஒரு பெரிய இடம். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் மாதத் தவணைக் கணக்கை எடுத்து நீட்டினாள். மேலே ஆறு, கீழே ஆறு, ஆகப் பன்னிரண்டு இம்பிளான்ட், அதன்மேல் சிர்கோனியா என்ற பீங்கான் மாதிரிப் பல். 8,40,000 ரூபாய். இன்றைக்கே முன்பணம் கட்டினால் நாற்பதாயிரம் குறைப்பார்களாம். சேலைக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சீட்டை வீட்டில் கண்ணாடி போட்டுப் படித்தால், பல் பிடுங்குவது தனி, ஸ்கேன் தனி, எலும்பு போதாத இடத்தில் எலும்புத் தூள் வைப்பது தனி, புதுப் பல் வரும்வரை போட்டுக்கொள்ளும் தற்காலிகச் செட் தனி. இதையெல்லாம் கூட்டினால் பத்து லட்சத்தைத் தொட்டுவிடும்.

இரண்டாவது இடத்தில் ஐந்தரை லட்சம் சொன்னார்கள். மேலே நான்கு, கீழே நான்கு. போர்ச்சுகல்காரர் பாலோ மாலோ என்ற டாக்டர் 1990களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை அது. பின்பக்கம் இரண்டு இம்பிளான்டையும் சாய்த்துப் பதிப்பார்கள். சாய்ப்பதால் எலும்பு கெட்டியாக இருக்கும் முன்பகுதியே பெரும்பாலும் போதும், எலும்புத் தூள் செலவு பல பேருக்கு மிச்சம். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. கூரைக்கு முட்டுக் கொடுக்கிறவன் செங்குத்தாகவா கொடுக்கிறான்?

ஆக, 32 பல்லுக்கு 32 திருகாணி வேண்டியதில்லை, அது முதல் விஷயம். ஒரு தாடைக்கு நான்கோ ஆறோ வைத்து, மேலே பாலம் மாதிரி பல் வரிசையை மாட்டுவதுதான் வழக்கம். விலை ஏறுவதும் இறங்குவதும் எத்தனை திருகாணி, எந்தக் கம்பெனி, மேலே உட்காரும் பல் அக்ரிலிக் பிளாஸ்டிக்கா சிர்கோனியாவா, எலும்பு இருக்கிறதா என்பதில்தான். சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமனுக்கு ஒரு விலை, கொரியாவின் ஆஸ்டெமுக்கு அதைவிடக் குறைந்த விலை. 36 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்: பத்து வருஷம் கழித்து உள்ளே ஒரு சின்ன ஸ்குரூ உடைந்தால் ஸ்பேர் கிடைக்குமா? ஒரு கம்பெனி இணைப்பு இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தாது மாப்பிள்ளை. அதனால் யாரிடம் வைத்தாலும் கம்பெனி பெயர், அளவு, லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்து.

மூன்றாவதாகப் போனது செம்பூரில் ஒரு சின்ன கிளினிக். அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்த பெண், நம் மகள் வயசு இருக்கும். அவள் விலை சொல்லவே இல்லை. "அங்கிள், உங்களுக்கு என்ன சாப்பிட முடியவில்லை?" என்று கேட்டாள். யாரும் கேட்காத கேள்வி. பனங்கிழங்கு என்றேன். அவள் பாலக்காட்டுக்காரி, சிரித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். மேல் செட்டு அண்ணத்தில் அகலமாக ஒட்டிக்கொள்கிறது, உறிஞ்சிப் பிடிப்பு இருக்கிறது. அதனால் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணச் செட்டே மேலே நின்றுவிடும். கீழே அப்படி இல்லை. நடுவில் நாக்கு, பிடிக்க இடமே கிடையாது, எலும்பும் மேலே இருப்பதைவிட வேகமாகத் தேயும். நாக்கை அசைத்தால் செட்டு மிதக்கும். அதனால் கீழே முன்பக்கம் மட்டும், கோரைப்பல் இருந்த இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, இரண்டே இம்பிளான்ட். அங்கே எலும்பு கெட்டி, உதட்டுக்குப் போகும் நரம்பும் அதற்குப் பின்னாலேயே வெளியே வந்துவிடுகிறது. அதன் தலையில் சட்டைப் பித்தான் மாதிரி டிக்கென்று செட்டு மாட்டிக்கொள்ளும். 2002இலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு இடங்களிலும் இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை பார்.

கணக்கைக் கேள். இம்பிளான்ட் இரண்டு 70,000. பித்தான் இரண்டு 18,000. மேல் செட்டு, கீழ்ச் செட்டு 30,000. ஸ்கேன் 3,000. மொத்தம் 1,21,000. மிச்சமிருந்த ஆடும் பற்களை ரயில்வே ஆஸ்பத்திரியிலேயே பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் உடனே வைக்கவில்லை. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 9.1 இருந்தது. இதை வைத்துக்கொண்டு துளை போட்டால் ஆறாது, ஏழு பக்கம் கொண்டுவந்துவிட்டு வாருங்கள், மிஷ்ரி டப்பாவை என் கண்முன்னே குப்பையில் போடுங்கள் என்றாள். போட்டேன். அந்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டை உன் தங்கச்சியிடம் கேள், எழுத இடம் போதாது.

வைத்த அன்று வலி பெரிதாக இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே துளை போட்டாள். கடைசியில் கையில் எடுத்தாளே ஒரு கருவி, பார்த்ததும் படுத்தபடியே எழுந்திருக்கப் பார்த்தேன். டார்க் ரெஞ்ச், எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்! நாங்கள் ரயில் பெட்டியின் சக்கரச் சட்டத்தில் போல்ட்டு முறுக்குகிற அதே சாமான், குட்டி போட்டது மாதிரி இருந்தது. 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்றாள். வாயில் பஞ்சு இல்லாவிட்டால் நான் அவளோடு அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

பிறகு மூன்று மாதம் காத்திருப்பு, எலும்பு பிடிப்பதற்கு. இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்வீடன்காரர் பிரோனமார்க், 1950களில் முயல் காலெலும்பில் டைட்டானியத்தில் செய்த ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிவிட்டது. ஜாமான போல்ட்டைப் பார்த்தால் நாங்கள் திட்டிக்கொண்டே கேஸ் கட்டர் எடுப்போம், அந்த மனுஷன் அதைப் பல்லாக்கிவிட்டார். 1965இல் முதல் ஆளுக்கு வைத்தார். வைத்துக்கொண்ட அந்த ஆள் 2006இல் சாகும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அது வாயிலேயே இருந்திருக்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி கழற்றி வைக்க வேண்டும். பித்தானுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும், ஒரு தடவை மாற்றியாயிற்று, 2,000 ரூபாய். மேல் செட்டு அண்ணத்தை மூடிவிடுவதால் ரசத்தின் சூடு தெரியாமல் தொண்டையைச் சுட்டுக்கொண்டேன். கரும்பு கிடையாது. ஒரு பக்கமாக மென்றால் செட்டு எழும்பும், இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல இரண்டு மாதம் பழக வேண்டியிருந்தது. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஆறு லட்சம் கொடுத்து நிலையாகவே மாட்டிக்கொண்டார், கொய்யாப்பழத்தைக் கடித்துக் காட்டி என்னை வெறுப்பேற்றுவார். பணம் இருக்கிறவர்களுக்கு அதுதான் சுகம், எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் சுத்தம் செய்யச் சோம்பி, ஒன்றைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் வைத்து, அதற்கு ஒரு செலவு செய்தார். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. சுற்றியிருக்கும் எலும்புக்கு நோய் வரும்.

இப்போது உன் விஷயம். உன் பதினொன்றில் எத்தனை கெட்டியாக நிற்கிறது? உறுதியாக நிற்கும் பல்லை, அவர்கள் பில் தொகையைக் கூட்டுவதற்காகப் பிடுங்க விடாதே. வேர் இருக்கும்வரை அங்கே எலும்பு நிற்கும், பிடுங்கிய முதல் வருஷத்திலேயே நிறையத் தேய்ந்துவிடும். மகன் கம்பெனி கொடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதே. விபத்தில் உடைந்தால் ஒழியப் பல்லுக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள், பாலிசியை எடுத்துப் படிக்கச் சொல். ஒரு முழு வாய் எக்ஸ்ரே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அடுத்த மாதம் நைலான் பார்க்க செம்பூர் போவேன், அந்தப் பெண்ணிடம் காட்டுகிறேன். வாயைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டாள், ஆனால் சென்னையில் என்ன கேட்கவேண்டும் என்று சொல்லிவிடுவாள்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக அங்கே அண்ணன் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்துபோனார்கள், எங்கே வீடு கொடுப்பார்கள் என்று அவர் தூக்கமில்லாமல் கிடக்கிறார். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. தாத்தா செட்டைக் கொஞ்சம் கடன் கொடு என்று நேற்றுக் கேட்டாள்.

கிழங்கு இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது. வெயிலில் காயவைத்து மாவு இடிக்கலாம் என்றாள் உன் தங்கச்சி. தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பம்பாய்க்காரன்