பாட்டின் சொற்களையும் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜெர்மன் கவிதைகளைப் பியானோ துணையோடு ஒருவர் பாடும் லீட் பாடல்களுக்கு நவீன நடனம் சேர்த்து மேடையேற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடகர் பியானோவுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று பாடுவதுதான் முறை, நடனம் பாட்டைக் கெடுத்துவிடுகிறது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அவருக்கு வந்த வருத்தம் எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் பழியை நடனத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் லண்டனில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். போன குளிர்காலத்தில் இங்கே ஒரு சிறிய அரங்கில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘விண்டர்ரைஸெ’ என்ற பாடல் தொகுப்பை ஒரு பாடகரும் ஒரு பியானோ கலைஞரும் இரண்டு நடனக் கலைஞர்களும் சேர்ந்து நிகழ்த்தினார்கள். குளிர்காலப் பயணம் என்று பொருள். வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகள், ஏறத்தாழ 70 நிமிடப் பாட்டு. பாடல் வரிகள் அச்சிட்ட தாள் தரவில்லை. வாசலில் கேட்டேன். “விளக்கை அணைத்துவிடுவோம், எப்படிப் படிப்பீர்கள்? நடனமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்” என்றார்கள்.

நடனம் பாவம், எல்லாவற்றையும் சொல்லத்தான் முயன்றது. உறைந்த கண்ணீர் பற்றிய பாட்டில் விரல்கள் கன்னத்தில் வழிந்தன. காகம் வரும் பாட்டில் கைகள் சிறகடித்தன. லிண்டன் மரம் வந்தபோது ஒருவர் மரமாக நின்றார். நல்ல பயிற்சி உள்ள உடம்புகள்; ஆனால் காது கேளாதவருக்குச் சைகையில் மொழிபெயர்ப்பது போன்ற வேலையில் மாட்டிக்கொண்டிருந்தன. சபையிடம் சொல் இல்லை என்பதால்தான் அவர்கள் சொல்லாக மாற வேண்டியிருந்தது.

நம் பரதநாட்டியப் பதங்களில் இப்படிச் சொல்லை ஆடிக் காட்டுவது நடக்கும். ஒரே வரியைப் பாடுபவர் திரும்பத் திரும்பப் பாடுவார், அபிநயம் பிடிப்பவர் ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளை விரிப்பார். ஆடுபவருக்காகச் சொல் காத்திருக்கும். லீட் பாட்டில் சொல் காத்திருக்காது. முதல் பாட்டிலேயே, பெண் காதலைப் பற்றிப் பேசினாள், தாய் கல்யாணத்தைப் பற்றியே பேசினாள் என்று ஒரு வரி. இரண்டு முறை வந்து சில விநாடிகளில் போய்விடும். பாட்டின் நாயகன் ஏன் இரவோடு இரவாக அந்தப் பெண்ணின் வீட்டை விட்டுக் கிளம்புகிறான் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பிடி ஏறத்தாழ அவ்வளவுதான். அதைத் தவறவிட்டால் மீதி 23 பாட்டும் காரணம் தெரியாத அழுகையாகிவிடும். ஜெர்மன் தாய்மொழியான நண்பர்களுக்கே ஷூபர்ட் இந்தப் பாடல்களைப் பாடிக் காட்டியபோது சட்டென்று பிடிபடவில்லை. லிண்டன் மரப் பாட்டு மட்டும் பிடித்தது என்றார் அவர்களில் ஒருவரான ஷோபர். அப்படியிருக்க, ஜெர்மன் தெரியாத சபை இருட்டில் என்ன செய்யும்?

அதற்காக, அசையாமல் நிற்பதுதான் இந்தப் பாட்டுக்கு உரிய முறை என்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் பாட்டுக்கு ஷூபர்ட் தன் கைப்பிரதியில் எழுதிவைத்த குறிப்பு ‘மிதமாக, நடக்கும் கதியில்’ என்பது. பியானோவில் அந்த ஸ்வரக்கட்டுகள் அடிமேல் அடியாக நடந்துகொண்டே இருக்கும். அதை வாசிக்கும்போதெல்லாம் என் கால் தரையில் தானாக அழுந்தும். நடை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை.

இந்தச் சேர்க்கை நன்றாக அமைந்ததும் உண்டு. 2002இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் டிரிஷா பிரவுன் இதே தொகுப்பை மேடையேற்றினார். மூன்று நடனக் கலைஞர்களோடு பாடகர் சைமன் கீன்லிசைடும் அசைந்தபடியே பாடினார். அதற்கும் முன்பு, 1937இல், இதே லண்டனில் நடன அமைப்பாளர் அன்டனி டியூடர், இசையமைப்பாளர் மாலரின் ஐந்து பாடல்களை நடனமாக்கினார். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த கவிஞர் ருக்கெர்ட் அந்தத் துக்கத்தில் எழுதிய நானூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளிலிருந்து மாலர் எடுத்துக்கொண்ட ஐந்து. டியூடர் பாடகரை மேடையிலேயே உட்காரவைத்தார். துக்கத்தைச் சொல்வது பாடகரின் வேலை. அதைச் சுமப்பது எளிய உடையில் இருந்த ஆடுபவர்களின் வேலை. முகத்தால் அழுவதைவிட, அழுகையை உடம்பு எப்படி அடக்கிப் பிடிக்கிறது என்பதே அங்கே நடனம்.

நான் பார்த்த நிகழ்ச்சியிலும் அப்படி ஓர் இடம் வந்தது. கடைசிப் பாட்டு. ஊருக்கு வெளியே ஒரு கிழவர், கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் வாத்தியத்தோடு, விறைத்த விரல்களோடு, பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு தள்ளாடுகிறார். அவருடைய தட்டில் ஒரு காசும் விழுவதில்லை. பியானோவின் இடது கையில் முதலிலிருந்து கடைசிவரை அதே வெறும் இரண்டு ஸ்வரங்கள். நடனக் கலைஞர்களில் ஒருவர் ஆடுவதை நிறுத்திவிட்டு, வெறுங்காலில் நின்றபடி பாரத்தை வலமும் இடமும் மாற்றினார், அவ்வளவுதான். மூன்றாம் வரிசையில் இருந்த எனக்குப் பலகை முனகுவது கேட்டது. அவருடைய குதிகால் குளிரில் வெடித்திருந்தது போலக்கூடத் தோன்றியது. என் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மா அந்த நேரத்தில் குனிந்து கோட்டை எடுத்தார். ஆட்டம் நின்றதும் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். வெளியே வந்தபோது என்னிடம், “அந்தப் பையன் ஏன் வீட்டை விட்டுப் போனான்?” என்று கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அவரும் காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கினார்.

இதைச் சரிசெய்வது பெரிய காரியம் இல்லை. இங்கே விக்மோர் அரங்கில் லீட் பாடல் கச்சேரி என்றால் ஜெர்மன் வரிகளும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இருக்கும், படிக்கிற அளவுக்கு வெளிச்சமும் இருக்கும். பாட்டு முடிந்த பிறகே பக்கத்தைப் புரட்டச் சொல்வார்கள். நடனத்துக்கு இருட்டு வேண்டும் என்றால், ஓபராவில் செய்வது போல வரிகளை மேடைக்கு மேலே ஒளியில் காட்டலாம். அதுவும் வேண்டாமா, விளக்கை அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் கவிதைகளைப் படிக்க விடுங்கள். சொல் சபையின் கையில் இருந்தால், ஆடுபவர் காகமாகவும் மரமாகவும் மாற வேண்டியதில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது, அதில் ஒரு பாட்டின் வரிகளையாவது தமிழில் போடுங்கள். அந்தக் கடைசிப் பாட்டை நான் மொழிபெயர்த்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ‘வெறுங்காலோடு’ என்ற சொல்லை மட்டும் வரியின் முதலிலேயே வைத்திருக்கிறேன். முல்லரும் அங்கேதான் வைத்திருக்கிறார். திருத்தும்போது தயவுசெய்து அதை இடம் மாற்ற வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
லண்டன்