சாலையைக் கடந்தால் விதி மாறுமா?

ஆசிரியருக்கு,

தமிழகத்தில் 15-49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21). இது பள்ளி வயதிலேயே தொடங்குகிறது.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு விதி. பள்ளி ஊர் எல்லையில் இருந்தால் சிக்கல். நகராட்சி விரட்டும் பஜ்ஜி வண்டி, சாலையைக் கடந்து ஊராட்சிப் பக்கம் நிற்கும். சட்டியில் அதே கருத்த எண்ணெய்.

இரு நிர்வாகங்களும் ஒரே நாளில், ஒரே டேப்பால் அளந்து மஞ்சள் கோடு போட வேண்டும். பின்வாசலையும் அளக்க வேண்டும். பல பள்ளிகளில் இடைவேளைக் கூட்டம் அங்கேதான். வெறுமனே விரட்டினால் வண்டி ஒரு வாரத்தில் திரும்பிவிடும், அது அவர்கள் பிழைப்பு. சுண்டல், கொய்யா, மோர் விற்பவருக்குக் கோட்டுக்குள்ளேயே இடம் கொடுங்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் சிதைவுப் பொருட்களான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். அதை அளக்கும் கையடக்கக் கருவியை இரு ஊரும் பங்கிட்டு வாங்கலாம்.

நடைபாதையும் அப்படியே. எல்லைக் கல்லோடு அது முடிந்தால், அடுத்த ஊர்ப் பிள்ளை பள்ளிக்கு எப்படி நடந்து வரும்?