மறுபடியும் சித்தார்த்த சங்கர் ரே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து எழுத்தெல்லாம் ஆடிக்கொண்டிருந்ததால் பதில் போடவில்லை. இப்போது தேவலை. ஒரு கண்ணில் எல்லாம் பளீரென்று வெள்ளை, இன்னொன்றில் பழையபடி பழுப்பு. அடுத்த மாசம் அதையும் பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

வெளியுறவுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் உன் பேரன் கேட்டானாமே, அரசியல்வாதியைத் தூதராக அனுப்புவது சரியா என்று. எனக்கு உடனே ஞாபகம் வந்தது, மேற்கு வங்க முதலமைச்சராக இருந்து பிற்பாடு அமெரிக்காவுக்குத் தூதராகப் போன ரேதான். நம் கல்கத்தா நாட்களை ஆண்டவர் ஆச்சே.

1972 மார்ச் உனக்கு நினைவிருக்கிறதா? லேக் மார்க்கெட் மெஸ்ஸில் காபியைக் குடித்துவிட்டு வரிசையில் போய் நின்றோம். வாசலில் நின்ற பையன் என் சீட்டை வாங்கிப் பார்த்து, "தாதா (அண்ணா), உங்க ஓட்டு ஆயிடுச்சு" என்றான். வாழ்க்கையில் போடப்போன முதல் ஓட்டு! நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய். அந்த மேற்கு வங்கச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரசுக்கு 216 இடம், மார்க்சிஸ்டுகளுக்கு 14. மோசடி என்று சொல்லி அவர்கள் ஐந்து வருஷம் சட்டசபைப் பக்கமே போகவில்லை. ரே முதலமைச்சரானார். சில மாசத்தில் நக்சல் தலைவர் சாரு மஜும்தார் போலீஸ் காவலில் செத்துப்போனார். நக்சல் பையன்களை வேட்டையாடியவர் என்ற பெயர் ரேயைக் கடைசிவரை விடவில்லை.

ஆனால் உன் பேரனுக்கு நீ சொல்ல வேண்டியது 1975 ஜூன் 25, எமர்ஜென்சி வந்த ராத்திரி. ரே, தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பேரன், லண்டனில் படித்த பாரிஸ்டர். அன்றைக்கு டெல்லியில் இருந்தவரை இந்திரா வீட்டுக்கு அழைத்து, நாட்டுக்கு ஏதாவது 'ஷாக்' கொடுத்தாக வேண்டும் என்கிறார். இவர் போய் அரசியல் சட்டத்தைப் புரட்டிவிட்டு வந்து எமர்ஜென்சியை அறிவிக்க வழி செய்யும் 352ஆம் பிரிவை எடுத்துக் கொடுக்கிறார். அமைச்சரவையை முதலில் கேட்காமல் முடியுமா? முடியும், பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம், விதியில் இடம் இருக்கிறது. நள்ளிரவுக்குச் சற்று முன் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். அமைச்சர்களுக்குத் தெரிந்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு.

இதில் ஒரு வேடிக்கை. ராத்திரி மூன்று மணி வாக்கில் கிளம்பப் போன ரே, பத்திரிகைகளுக்குக் கரண்டை வெட்டப்போகிறார்கள், ஹைகோர்ட்டுகளைப் பூட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இது கூடவே கூடாது என்று சண்டை போட்டாராம். கோர்ட்டுகள் தப்பின. கரண்ட் போனது போனதுதான். கதவைத் திறந்து விட்டவரே உள்ளே வந்தவனின் செருப்பைக் குறை சொன்ன மாதிரி இருக்கிறது எனக்கு. அதற்கு ஐந்தரை மாசம் முன்பே, ஆர்.எஸ்.எஸ்., ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பு ஆகியவற்றின் ஆட்களைப் பிடிக்க அவசரச் சட்டம் கொண்டுவரலாம் என்று இந்திராவுக்கு அவர் எழுதிய கடிதமும் பிற்பாடு வெளியே வந்தது. நீ அவர்மேல் கொஞ்சம் கரிசனமாகவே எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தக் கடிதத்துக்கப்புறம் கரிசனம் வற்றிவிட்டது.

எமர்ஜென்சி முடிந்ததும், அதன் அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் முன் சாட்சி சொன்னார். அப்புறம் பத்து வருஷம் போல வக்கீல் தொழில். 1986இல் ராஜீவ் அவரைப் பஞ்சாபுக்கு ஆளுநராக அனுப்பினார். மறு வருஷம் அங்கே முதலமைச்சர் பர்னாலாவின் அரசு கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி வந்தது. ஆக, தீவிரவாதம் உச்சத்தில் இருந்தபோது மாநிலமே அவர் கையில்.

இப்போது வாஷிங்டனுக்கு வா. 1992இல் நரசிம்ம ராவ் அவரைத் தூதராக்கும்போது வயது 71. அங்கே அவருக்கு என்ன வேலை தெரியுமா? டான் பர்ட்டன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பஞ்சாபிலும் காஷ்மீரிலும் மனித உரிமை மீறல் என்று சொல்லி இந்தியாவுக்கான உதவியை வெட்டத் தீர்மானம் மேல் தீர்மானமாகக் கொண்டுவருகிறார். 1993 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி ராபின் ரஃபேல், காஷ்மீர் இந்தியாவோடு சேர்ந்த இணைப்பு ஒப்பந்தத்தையே கேள்வி கேட்டு வைக்கிறார். இதற்கெல்லாம் பதில் சொல்ல நாம் அனுப்பியிருந்த ஆள், அந்தப் பஞ்சாபுக்கே மூன்றரை வருஷம் ஆளுநராக இருந்தவர்! இந்திய ஜனநாயகத்தின் அருமையை எடுத்துச் சொல்ல, 352ஐத் தேடிக் கொடுத்தவர்.

ஒரு தொழில்முறைத் தூதருக்கு இந்தச் சுமை இருந்திருக்காது. அதே சமயம், பஞ்சாப் பற்றிக் கோப்பைப் பார்க்காமல் பேசக்கூடியவர் அவர்தான் என்பதையும் மறுக்க முடியவில்லை. கொடுத்த கேஸை எடுத்து நடத்துகிற வக்கீலாகவே அவர் எல்லாப் பதவியிலும் இருந்தார் என்று படுகிறது. கட்சிக்காரர் யார், கேஸ் நியாயமா என்பது அவர் கவலை இல்லை. உன் பேரன் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: அனுப்பலாம், ஆனால் எதைக் காக்க அனுப்புகிறோமோ அதில் அவர் கை படாமல் இருக்க வேண்டும்.

1996இல் திரும்பி வந்து, 2010 நவம்பரில் தொண்ணூறு வயதில் போனார். அரசியலில் எலியும் பூனையுமாக இருந்தும் கடைசிவரை நண்பரான மார்க்சிஸ்ட் தலைவர் ஜோதி பாசு அதே வருஷம் ஜனவரியில் போயிருந்தார்.

அது கிடக்கட்டும். அன்றைக்கு உன் ஓட்டையாவது போட விட்டார்களா என்று இத்தனை வருஷமாகக் கேட்கவே இல்லை. எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்