டிசம்பர் 11: பாரதி, ஆனந்த், எம்.எஸ்.

நண்பர்களே, காலை வணக்கம். இன்று பாரதி பிறந்தநாள். 1882-இல் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் பிறந்த சுப்பையா, பதினொரு வயதிலேயே எட்டயபுரம் அரசவையில் ‘பாரதி’ பட்டம் பெற்றார்.

இதே தேதியில் 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். ஆறு வயதில் அம்மாதான் செஸ் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்! வீட்டில் செஸ் கற்றுத்தரும் அம்மாக்கள் நம் குழுவிலும் இருக்கிறீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் பிறந்ததும் இந்த நாளில்தான், 1843, ஜெர்மனி. அந்தக் கண்டுபிடிப்பை அவர் பெர்லினில் அறிவித்த ஆண்டு 1882. பாரதி பிறந்த அதே ஆண்டு!

மனசு கனக்கும் நாளும்கூட. 2004-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி சென்னையில் காலமானார், 88 வயது. 2012-இல் சிதார் மேதை ரவிசங்கர். எங்கள் வீட்டில் இன்று காலை காபி கொதிக்கும்போதே எம்.எஸ். குரல்தான்.

மாலை ஏழு மணிக்குப் பிடித்த பாரதி பாட்டு ஒன்றை உங்கள் குரலிலேயே பதிவுசெய்து இங்கே போடுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. குழந்தைகள் பாடினால் இன்னும் சந்தோஷம்.