மூளை தானத்துக்கு யாரிடம் சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தேவிபட்டினத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவருக்கு மறதி நோய். பெற்ற மகனின் பெயர் வரவில்லை. ஆனால் கிழிந்த கண்ணியை விரல் தடவிக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டுவிடுகிறது.

இந்த நோயைப் புரிந்துகொள்ள ஒரு புரதத்திலிருந்து தொடங்கலாம். நரம்பு செல்கள் வளரவும் பிழைத்திருக்கவும் உதவும் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற புரதம் பற்றிய கண்டுபிடிப்புக்காக விஞ்ஞானி ரீட்டா லெவி மொண்டால்சினிக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதம் வேலை செய்ய, செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி வேண்டும். முன்மூளையின் அடிப்பகுதியில், நினைவுக்கு உதவும் நரம்பு செல்களில் இந்த ஏற்பிகள் நிறைய உண்டு. மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் நோயில் பலமாக அடிவாங்குவதும் அதே செல்கள்தான். மூளையில் எந்த ஏற்பி எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ந்து குறிக்க எலி மூளை மட்டும் போதாது. மனித மூளைத் திசுவே வேண்டும். அதையும் இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பதப்படுத்தியாக வேண்டும்.

பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில், இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆய்வுக்காகச் சேமிக்கும் மூளை வங்கி இருக்கிறது. சரி, தொண்டியிலோ பாம்பனிலோ ஒரு குடும்பம் தானம் கொடுக்க முன்வந்தால் என்ன வழி? பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். கண் தானத்துக்கு ஊர் ஊராக முகாம் போடுகிறோம். மூளைத் திசு சேகரிக்க மதுரையிலாவது ஓர் ஏற்பாட்டை அரசு செய்து தர வேண்டும். தானப் படிவம் ராமநாதபுரத்திலேயே கிடைக்க வேண்டும்.

- வாசகர், தேவிபட்டினம்