நாங்கள் வீட்டையே கேட்கிறோம்

அன்புள்ள இளங்கோ,

நலம். அப்பாவுக்கு இந்த வாரம் இரவுப் பணி. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீ உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்கத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி கம்பெனி கொடுத்த இரண்டு வழியில் நாங்கள் பணத்தைக் கேட்கவில்லை, மாற்று வீட்டைத்தான் கேட்கப்போகிறோம். சந்தை விலை, அதற்கு மேல் 25 சதவீதம், அதை வாங்கிக்கொண்டு ஸ்டாக்ஹோமில் உன் பக்கத்தில் வந்து இருங்கள் என்றாய். பாசத்தில் சொன்னது, புரிகிறது. ஸ்வீடனின் வடகோடியில் இருக்கும் நம் கிரூனா வீட்டு விலைக்கு ஸ்டாக்ஹோமில் என்ன கிடைக்கும் என்று அப்பாவும் தேடிப் பார்த்தார். கார் நிறுத்த ஓர் இடம் கிடைக்கும் என்றார்.

ஒரு முழு ஊரை ஏன் நகர்த்துகிறார்கள் என்று உன் அலுவலகத்தில் கேட்கிறார்களாம், உனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லையாம். சுரங்கத்துக்காரர் மகன் இப்படிச் சொல்லலாமா? கேட்டுக்கொள். கீருனவாரா மலையில் இருக்கும் இரும்புத்தாது சாய்த்து வைத்த பலகை மாதிரி. சுமார் 4 கிலோமீட்டர் நீளம், தடிமன் 80 மீட்டர் அளவில். நேராகக் கீழே இறங்கியிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அது ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து, நம் காலடிக்குக் கீழேதான் இறங்குகிறது. இப்போது முக்கியத் தளம் 1,365 மீட்டர் ஆழத்தில். தாதை வெடித்து எடுத்த இடத்தில் மேலிருக்கும் பாறை சரிந்து விழுந்து நிரம்பும்; வேலை நடக்கும் முறையே அதுதான். அப்படிச் சரியச் சரிய, ஊர்ப்பக்கத்து நிலத்தில் விரிசல் ஏறி வருகிறது. வருஷா வருஷம் இன்னும் ஆழம், வருஷா வருஷம் ஊருக்கு இன்னும் பக்கம். 2004இல் சுரங்கக் கம்பெனியான எல்கேஏபி இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஊருக்கு இதே பேச்சுதான்.

இரவு ஒன்றரை மணி வாக்கில் வெடிச் சத்தம் கேட்கும், ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும், நாம் புரண்டு படுப்போம். ஆனால் 2020 மே 18 விடியற்காலை வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். 4.9 ரிக்டர். பூகம்பம் என்றே சொன்னார்கள், காரணம் சுரங்கம். யாருக்கும் அடிபடவில்லை. அப்பா மட்டும் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

2025 ஆகஸ்டில் சர்ச் கட்டடத்தை நகர்த்தியதை டிவியில் பார்த்தேன் என்றாய். நேரில் பார்த்தது வேறு. 672 டன் எடையுள்ள மர சர்ச், 1912இல் கட்டி முடித்தது. அதைப் பிரிக்காமல், அப்படியே சக்கரத்தில் ஏற்றி, 5 கிலோமீட்டரை இரண்டு நாளில் கடந்தார்கள். மணிக்கு அரைக் கிலோமீட்டர். பின்னாலேயே நடந்தால் நாமே அதை முந்திவிடுவோம், நின்று நின்று நடக்க வேண்டியிருந்தது. அது போவதற்காகவே சாலையை 9 மீட்டரிலிருந்து 24 மீட்டராக அகலப்படுத்தியிருந்தார்கள். ராஜாவும் வந்திருந்தார். எனக்கு அவரைவிட, கையில் ரிமோட் பெட்டியோடு சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்த ஆள்கள்தான் கண்ணில் நின்றார்கள். ஒரு வளைவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், கூட்டத்தில் காபி உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுபோனது. 2026 கடைசியில்தான் உள்ளே விடுவார்களாம்.

கொண்டாட்டம் முடிந்த அதே மாதக் கடைசியில், இன்னும் 2,700 வீடுகள், 6,000 பேர் இடம் மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நம் வீடும் அதில் ஒன்று. நீ கோபப்பட்டாய். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

என் ஆயா ஊரும் சுரங்கத்துக்காக எழுந்து போன ஊர்தான். பணம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு திசையாகப் போனார்கள். யார் எங்கே போனார் என்று ஆயா சாகும்வரை விசாரித்துக்கொண்டே இருந்தது. இங்கே தெருவே சேர்ந்து போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எங்கே இடம் கேட்கிறாரோ அங்கேதான் நாங்களும் கேட்டிருக்கிறோம். நகராட்சி அலுவலகம் 2018லேயே புது மையத்துக்குப் போய்விட்டது, பழைய கட்டடத்தின் மணிக்கூண்டையும் கழற்றிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நூலகம் அங்கே, கடைகள் அங்கே. நாங்கள் கடைசியாகப் போகிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, இது அப்பா சொன்னது. எல்கேஏபி அரசாங்கக் கம்பெனி. லாபமும் கம்பெனி வரியும் ஸ்டாக்ஹோமுக்குப் போகும். நகராட்சிக்கு வருவது இங்கே குடியிருக்கிறவர்கள் சம்பளத்தில் கட்டும் வரிதான். விமானத்தில் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் அவர் ஊருக்குத்தான் வரி கட்டுகிறார். ஆக, பள்ளிக்கூடமும் முதியோர் பராமரிப்பும் ஓட வேண்டுமானால் இந்த ஊரில் ஆள் குடியிருக்க வேண்டும். என் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. உன்னைப் பெற 120 கிலோமீட்டர் தள்ளி யெல்லிவாரேக்குப் போனோம் என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கும் பிரசவம் என்றால் அங்கேதான். ஆள் குறையக் குறைய அடுத்து எதை எடுப்பார்களோ!

நான் வீட்டுப் பராமரிப்புக்குப் போகும் பாட்டியைப் பற்றிச் சொன்னேனே, அவர் முந்திய சுற்றிலேயே புது மையத்துக்கு மாறிவிட்டார். லிப்ட் இருக்கிறது, குளியலறை வழுக்குவதில்லை. ஆனாலும் தினமும் ஒரே புகார்: சமையலறை ஜன்னலிலிருந்து சுரங்க மலையின் விளக்கு தெரியவில்லையாம். கணவர் 1969 டிசம்பர் வேலைநிறுத்தத்தில் இருந்தவர். சொந்தச் சங்கத்தின் சம்மதமே இல்லாமல், கிட்டத்தட்ட 5,000 பேர், பிப்ரவரி வரை நின்றார்கள். அந்தக் குளிரிலும் மலையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே கஞ்சி காய்ச்சினேன் என்பார். திட்டுவதும் அந்த மலையைத்தான், தேடுவதும் அந்த மலையைத்தான்.

புது ஊரில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1900இல் பழைய ஊருக்குத் திட்டம் போட்ட ஹால்மன், தெருக்களை மலைச்சரிவோடு வளைத்து வளைத்து விட்டார், காற்று நேராக ஓடாதபடிக்கு. வெயிலும் அந்தச் சரிவில் நன்றாக விழும். புது மையம் பள்ளத்தில் இருக்கிறது, குளிர் அங்கேயே தேங்குகிறது. தெருவும் நேர்க்கோடு. ஜனவரியில் ஸ்பார்க் என்கிற பனிச்சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போகும் கிழவிகள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். நூறு வருஷத்துக்கு முன்னால் தெரிந்த சங்கதி இப்போது எப்படி மறந்துபோனதோ, எனக்கு விளங்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் கதை இன்னும் வேடிக்கை. 2013இல் தற்காலிகம் என்று வைத்தார்கள், இன்னும் தற்காலிகம்தான்.

நீ கேட்ட கேள்வியில் ஒன்றுக்கு மட்டும், கலைமான் மேய்க்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு, என்னிடம் பதில் இல்லை. நமக்காவது வீடா பணமா என்று கேட்டார்கள். கப்னா என்ற கலைமான் மேய்ப்புச் சமூகத்தைச் சேர்ந்த ‘சாமி’ இனப் பழங்குடிக் குடும்பங்களுக்கு அப்படி ஒரு படிவம் வரவில்லை. ஒரு பக்கம் சுரங்கம், ஒரு பக்கம் புது ஊர், நடுவில் இருக்கும் இடுக்கில்தான் கலைமான் மந்தை கோடைக்கும் குளிருக்கும் கடந்து போக வேண்டும். 2023 ஜனவரியில் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பெர் யேயர் தாதுப் படிவில் 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிய மண் உலோக ஆக்சைடு இருக்கிறது என்று அறிவித்தபோது ஐரோப்பாவே கைதட்டியது. அதைத் தோண்டினால் அந்த இடுக்கும் போய்விடும் என்கிறார்கள் அந்தக் குடும்பங்கள். நம் வீட்டில் சோறு வேகுவது சுரங்கத்தில்தான், அதனால் இதைப் பற்றி உரக்கப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேசாமல் இருப்பதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உன் அறையை இனிமேல்தான் ஒழிக்க வேண்டும். ஸ்கீ இரண்டு ஜோடி, அந்த ஹாக்கி மட்டை, நீ ஒன்பதாம் வகுப்பில் செய்த மாதிரி ராக்கெட், எஸ்ரேஞ்ச் ராக்கெட் தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒட்டினாயே, அதுவும் அலமாரி மேலே இருக்கிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுது. கிறிஸ்துமஸுக்கு வருவாயானால் ராத்திரி ரயிலுக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடு, பிறகு கிடைக்காது. வரும்போது புளி வாங்கி வா, இங்கே கிடைக்கிறது ஒரே கொட்டை. கத்தரிக்காய் வற்றல் அத்தை அனுப்பியது இன்னும் இருக்கிறது, உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா