"விமானியின் தவறு" என்று எழுதி முடித்துவிடாதீர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை ஊடகவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பின் ஊடக நண்பர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

2025 ஜூன் 12ஆம் திகதி அகமதாபாத்தில் எயார் இந்தியாவின் போயிங் 787 விழுந்தது. அதில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களில் 19 பேர் மாண்டார்கள். ஒரு மாதம் கழித்து முதற்கட்ட அறிக்கை வெளியானது. விமானம் மேலெழுந்த சில நொடிகளில், இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருளைத் திறந்து மூடும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மூடிய நிலைக்கு மாறியிருந்தன. ஏன் மூடினீர்கள் என்று ஒரு விமானி கேட்கிறார். தான் மூடவில்லை என்று மற்றவர் சொல்கிறார். சுவிட்சுகள் திரும்பவும் திறக்கப்பட்டன. அதற்குள் உயரம் போதாமல் போய்விட்டது.

அறிக்கை யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் நம் பகுதியில் பகிரப்பட்ட பதிவுகளில் அன்றே தலைப்பு தயாராகிவிட்டது: விபத்துக்கு விமானியே காரணம். அந்தச் சுவிட்சின் பூட்டு அமைப்பைச் சோதிக்கும்படி அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் 2018இல் ஓர் அறிவுறுத்தல் விடுத்திருந்தது. கட்டாயம் இல்லை என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்பதும் அதே அறிக்கையில்தான் இருந்தது. அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரியை எந்தத் தலைப்பிலும் நான் காணவில்லை. இறந்த தலைமை விமானியின் தந்தைக்கு அப்போது வயது 91. மகனின் பெயரைக் காக்க அவர் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது.

நான் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவன். உழைக்கும் காலத்தின் பெரும்பகுதியை வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்புப் பிரிவில் கழித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். விமானம் ஓட்டியவனல்ல, இரவில் அது தரையில் நிற்கும்போது மூடிகளைக் கழற்றி உள்ளே பார்த்தவன். இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை, கட்டாருக்கோ சவூதிக்கோ ஆள் போகாத தெரு இல்லை. காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் இருந்து ஆண்டுதோறும் ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறார்கள். எங்கோ ஒரு விமானம் விழுந்தால் நம் வீடுகளில் அன்றிரவு உறக்கம் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் தேடுவது தமிழில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

எந்திரக் கோளாறா, மனிதத் தவறா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் படித்த விசாரணை அறிக்கைகளில் அந்த இரண்டையும் பிரித்து வைக்க முடிந்ததில்லை. ஒரு கோளாறு வந்து, தவறு நடப்பதற்கான இடத்தை ஆயத்தம் செய்து வைக்கிறது. அந்தக் கோளாறைப் பின்னோக்கித் துருவிப் போனால் அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்: அதை வடிவமைத்தவர், செலவைக் குறைத்தவர், பார்க்காமல் கையெழுத்து வைத்தவர். கடைசியாகக் கைவைத்தவர் விமானி என்பதால், முழுப் பழியும் அவர் தலையில் இறங்குகிறது.

இந்தோனேசியாவின் லயன் எயார் 610ஐ எடுங்கள். 2018 ஒக்டோபர் 29 காலை ஜகார்த்தாவில் புறப்பட்டுச் சில நிமிடங்களில் ஜாவாக் கடலில் விழுந்தது. 189 பேரும் இறந்தார்கள். காற்று எந்தக் கோணத்தில் வந்து படுகிறது என்று அளக்க விமானத்தின் மூக்குக்கு இருபுறமும் ஒவ்வொரு சென்ஸர் உண்டு. இடப்புறத்துச் சென்ஸர் 21 பாகை பிழையாகக் காட்டியது. அது பழுதுபார்த்து வந்த பொருள். அமெரிக்காவில் ஒரு பணிமனையில் அளவு திருத்தும்போதே பிழையாகிவிட்டிருந்தது. பாலியில் அதைப் பொருத்தியபின் செய்ய வேண்டிய சோதனை ஒழுங்காக நடந்தது என்பதற்கு நம்பத்தக்க பதிவு விசாரணையாளர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த 737 மெக்ஸ் விமானத்தில் எம்காஸ் என்றொரு மென்பொருள் இருந்தது. மூக்கு அளவுக்கு மேல் உயர்வதாகத் தெரிந்தால் தானாகவே கீழே அழுத்துவது அதன் வேலை. இரண்டு சென்ஸர்கள் இருந்தும் ஒரு பயணத்தில் ஒன்றை மட்டுமே அது நம்பியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கம் இல்லை. இரு சென்ஸர்களும் முரண்படும்போது காட்ட வேண்டிய எச்சரிக்கையும் அந்த விமானத்தில் வேலை செய்யவில்லை.

இனி, முதல் நாள் இரவு. இதே விமானம் இதே கோளாறோடு பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. விமானம் தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று கட்டுப்பாட்டுக் கோல் வழியெல்லாம் அதிர்ந்து எச்சரித்துக்கொண்டே இருந்தது. பணியில் இல்லாமல் விமானி அறையில் கூட வந்த மூன்றாவது விமானி ஒருவர் உதவ, எம்காஸ் மூக்கைக் கீழே அழுத்துவதற்கு இயக்கும் வால் பகுதியின் மின் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, அந்த வால் பகுதியைத் திருப்பும் சக்கரத்தை விமானி அறையில் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு போய்த் தரையிறக்கினார்கள். இறங்கியபின், விமானத்தின் குறைகளைப் பதியும் லொக் புத்தகத்தில் வேகமும் உயரமும் சரியாகக் காட்டவில்லை என்ற அளவில் எழுதினார்கள். கோல் அதிர்ந்ததையும் எழுதவில்லை, தாங்கள் எந்தச் சுவிட்சை அணைத்துத் தப்பினார்கள் என்பதையும் எழுதவில்லை. தரையில் நின்றவர்கள் எழுதப்பட்டிருந்த குறைக்கு வேலை செய்தார்கள். காலையில் புதிய குழு ஏறியது.

இந்த இடத்தை என்னால் எளிதில் கடந்து போக முடிவதில்லை. லொக் புத்தகத்தில் எழுதாத குறை பராமரிப்பாளருக்கு இல்லாத குறை. இரவு இரண்டு மணிக்கு விமானத்தின் கீழே டோர்ச்சோடு நிற்பவனுக்கு அந்தப் பக்கம் மட்டுமே வழி. இரண்டு வரி கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் அந்த விமானம் காலையில் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கருக்குள் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காலையில் தலைமை விமானி இருபதுக்கும் மேற்பட்ட தடவை மூக்கை மேலே தூக்கினார். ஒவ்வொரு தடவையும் மென்பொருள் கீழே அழுத்தியது. துணை விமானி கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கட்டுப்பாடு அவர் கைக்கு மாறியது. தலைமை விமானி எதிர்த்த அளவுக்கு அவர் எதிர்க்கவில்லை. அவருடைய பயிற்சியில் குறைகள் இருந்தது முன்பே பதிவாகியிருந்தது. அதையும் இந்தோனேசிய விசாரணைக் குழு மறைக்கவில்லை. அவர்கள் எழுதியது ஒன்பது காரணிகள். அதில் வடிவமைப்பும் உண்டு, அனுமதி வழங்கியதும் உண்டு, பழுதுபார்ப்பும் உண்டு, விமானிகளும் உண்டு.

அந்த அறிக்கை வருவதற்கு முன் உலகம் என்ன பேசியது தெரியுமா? ஆசிய நாட்டு விமானிகளின் திறமை போதாது, அந்த நிறுவனத்தின் பராமரிப்பு சரியில்லை. இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் அதே வகை விமானங்கள் உலகெங்கும் பயணிகளை ஏற்றிப் பறந்துகொண்டிருந்தன. 2019 மார்ச் 10ஆம் திகதி எத்தியோப்பியன் எயார்லைன்ஸ் 302 விழுந்தது. இன்னும் 157 பேர். அங்கே விமானிகள் அந்த மின் சுவிட்சுகளை அணைக்கவும் செய்தார்கள். ஆனால் விமானம் போன வேகத்தில் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. அதன் பிறகுதான் 737 மெக்ஸ் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டது. "விமானியின் தவறு" என்று முதலிலேயே முடித்துவிட்டால், அடுத்த விமானத்தில் இருப்பவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த மடலை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

எயார் பிரான்ஸ் 447 இன்னும் கடினமான கதை, ஏனென்றால் அங்கே விமானியின் கை தவறு செய்தது ஐயத்துக்கு இடமில்லாமல் பதிவாகியிருக்கிறது. 2009 ஜூன் 1, அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் நள்ளிரவு கடந்த வேளை. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது. வேகம் தெரியாததால் ஓட்டோ பைலட் விலகிக்கொண்டது. தலைமை விமானி ஓய்வுக்குப் போயிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி மூக்கை மேலே இழுத்தார். விமானம் தூக்குவிசையை இழந்து விழத் தொடங்கியது. கடைசிவரை பெரும்பாலும் அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். 228 பேர் இறந்தார்கள்.

இவ்வளவு மட்டும் படித்தால் அவர்மேல் கோபம்தான் வரும். அறிக்கையின் உள்ளே போங்கள். அந்த வகைக் குழாய்களில் பனி அடைப்பது முன்பே தெரிந்திருந்தது. மாற்றும் வேலையும் தொடங்கியிருந்தது. இந்த விமானத்துக்கு முறை வரவில்லை. அவ்வளவு உயரத்தில், வேகம் தெரியாத நிலையில், கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒருவர் கோலை இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது, ஏனெனில் இரண்டு கோல்களும் தனித்தனி. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒன்று: மூக்கு மிக அதிகமாக உயர்ந்தபோது, அளவுகளை நம்பமுடியாது என்று கணினி ஒதுக்கியதால், தூக்குவிசை இழப்பை அறிவிக்கும் எச்சரிக்கை ஒலி நின்றுபோனது. மூக்கைக் கொஞ்சம் இறக்கியதும், அதாவது சரியானதைச் செய்ததும், ஒலி மீண்டும் அடித்தது. இருட்டில், சில நிமிடங்களே மிஞ்சியிருந்தபோது, சரியானதைச் செய்தால் எந்திரம் அலறுகிறது, பிழையானதைச் செய்தால் அடங்குகிறது. அந்த இடத்தில் அமர்ந்திருந்தவரை ஒரு சொல்லில் தீர்ப்பிடும் துணிவு எனக்கு இல்லை.

பெரிய கோளாறுகூடத் தேவையில்லை. 1972 டிசெம்பரில் மயாமி அருகே ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 401 விமானம் சதுப்பில் விழுந்ததற்குத் தொடக்கம், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு சிறு பல்ப் எரியாமல் போனது. எல்லோரும் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ பைலட் உயரத்தை விட்டுவிட்டதை எவரும் பார்க்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமானிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விசாரணை அதோடு நிற்கவில்லை: விமானத்தின் வேகத்தையும் நகர்வையும் அளக்கும் டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியிருந்ததே பிழையாக விளங்கிக்கொள்ள இடம் கொடுத்தது என்றும் சொன்னது. கருவி கெட்டுப்போகவில்லை, ஆனால் அது காட்டியதை இரண்டு விதமாக வாசிக்க முடிந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ் முடித்து ஊர் திரும்பிய இந்தோனேசியர்களோடு ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் விமானம் கட்டுநாயக்க ஓடுபாதைக்கு முன்பாகவே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். இறங்கும் நடைமுறையை விமானிகள் கடைப்பிடிக்கவில்லை என்றது இலங்கை அறிக்கை. விமான நிலையத்தின் கருவிகளிலும் கட்டுப்பாட்டாளர்களின் வழிகாட்டலிலும் குறை இருந்தது என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. ஒவ்வொரு தரப்பும் தன் கையில் இல்லாத காரணத்தையே பெரிதாகக் கண்டது. இரண்டையும் ஒருசேரப் படிக்கும் பழக்கம் நமக்கு இருந்திருந்தால் அந்தச் சாவுகளிலிருந்து கூடுதலாகக் கற்றிருப்போம். இந்த இரண்டு விபத்துகளையும் பற்றி நம் பக்கத்து இளம் செய்தியாளர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு தெளிவாகச் சொல்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது; பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அல்ல. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு முடிந்தால் 12 மாதம். இந்தத் திகதிகளை உங்கள் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். விபத்து நடந்த நாளில் எத்தனை பேர், எந்த விமானம், உறவினர் அழைக்கவேண்டிய இலக்கம் எது என்று எழுதுங்கள். காரணம் தெரியவில்லை என்று எழுதுங்கள், அதுவும் செய்திதான். விமானியின் ஊர், மதம், குடும்பம், உடல்நலம் பற்றி யாரோ சொன்னதை எழுதாதீர்கள். முதற்கட்ட அறிக்கை வந்தால் அதில் இருப்பதை மட்டும், முழுவதுமாக எழுதுங்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து இறுதி அறிக்கை வரும்போது எல்லோரும் மறந்திருப்பார்கள். அன்றைக்குத்தான் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

விமானச் செய்தியோடு இது நிற்பதில்லை. நம் வீதி விபத்துச் செய்திகளை நான் விடாமல் வாசிக்கிறேன். "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" அல்லது "சாரதியின் தூக்கக் கலக்கத்தால்" என்று தொடங்கி, "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்று முடிகின்றன. அந்த மேலதிக விசாரணையில் என்ன தெரியவந்தது என்று பிறகு ஒரு செய்தி வந்து நான் பார்த்ததில்லை. கொழும்புக்கு இரவுப் பஸ் ஓட்டியவர் முதல் நாள் எத்தனை மணிக்கு இறங்கினார்? பிரேக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? அந்த வளைவில் விளக்கு எரிந்ததா? மாடு படுத்திருந்த அதே இடத்தில் முன்பும் விபத்து நடந்ததா? சாரதி உறங்கிவிட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அவரை உறங்காமல் ஓட்டச் சொன்னது யார் என்று நீங்கள் கேட்காவிட்டால் இந்த இரண்டு மாவட்டங்களில் வேறு எவரும் கேட்கப் போவதில்லை.

லயன் எயார், எயார் பிரான்ஸ் அறிக்கைகளை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஆங்கிலம் தடையாக இருந்தால் முக்கியமான பக்கங்களைத் தமிழில் சொல்லித் தர என்னால் முடியும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நீங்கள் வழமையாகக் கூடும் இடத்துக்கு நானே வருகிறேன். ஒரு போயா தினத்தின் அரை நாள் போதும். கட்டணம் எதுவும் வேண்டாம். திகதியை நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவன்,
பெரியகல்லாறு.